கொல்லைத் தடுப்புச் சுவரும் கட்டுமானப் பொருள் தேர்வும்: குன்னூர்ச் சரிவுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வீட்டுத் தோட்டம் என்றால் படிக்கட்டு மாதிரி. கீழ்ப்படியில் கேரட், மேற்படியில் ரோஜா, நடுவே மண்ணைப் பிடித்துக்கொள்ள ஒரு சுவர். அச்சுவரை எதனால் கட்டுவது என்பதே இவ்வாய்வின் பொருள்.

முன்னோடி ஆய்வாளர் ஒருவர் உண்டு. பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் கூலும், மார்ட்டினிக் தீவில் கோட்டை கட்டித் திரும்பியவர். மண் சுவரை எவ்வளவு தள்ளும் என்ற அவரது கணக்கு 1776இல் அச்சேறியது. மின்னேற்ற விதியால் பள்ளியில் நம்மைப் படுத்தினாரே, அவரேதான். அந்தக் கணக்கின் வழியே போனால், மூன்றடிச் சுவர் ஆறடியாகும்போது மண் தள்ளும் விசை நாலு மடங்கு. சுவரைக் குப்புறத் தள்ளும் வலுவோ எட்டு மடங்கு. மேஸ்திரியின் எஸ்டிமேட் மட்டும் இரண்டு மடங்கோடு நின்றுவிடுகிறது. இந்த இடைவெளியில்தான் சுவர்கள் விழுகின்றன.

பொருள் தேர்வில் மூன்று சம்பிரதாயங்கள். பழையது கருங்கல். சாந்தில்லாமல் அடுக்கி, மேலே போகப் போக மேட்டுப் பக்கம் சற்றே சாய்த்துக் கட்டுவது. ஹாலோ பிளாக் புதியது. வேலை சீக்கிரம் முடியும். ஆனால் குழிக்குள் கம்பியும் கான்கிரீட்டும் இறக்காவிட்டால் அது வெறும் காம்பவுண்டுச் சுவர். கற்பூர மரக் கட்டை நடுவோரைக் கரையான் கவனித்துக்கொள்ளும் என்பதால் அவர்கள் ஆய்வெல்லைக்குள் வரவில்லை.

மூன்றாவதைக் கையிருப்புவாதம் எனலாம். வீடு கட்டியதில் மிஞ்சிய செங்கல், மூட்டையோடு இறுகிப்போன சிமெண்ட், விரிசல் விட்ட வாஷ்பேசின் ஆகியவையே இதன் மூலப்பொருள்கள். பின்பற்றுவோர் தொகை பெரிது. சுவரின் ஆயுள் சிறிது.

மூவரும் மறக்கும் பொருள் ஒன்றுண்டு: ஓட்டை. அதற்குக் குவாரியில் விலை கிடையாது, லாரி வாடகையும் இல்லை. அதனாலேயே மதிப்பில்லை. ஐப்பசி மழையில் சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கினால் தள்ளுவிசை ஏறக்குறைய இரட்டிப்பாகும். சாந்தில்லாத கல்லடுக்கு இடுக்கெல்லாம் கசியவிட்டுத் தப்பிக்கிறது. மற்றச் சுவர்களுக்குப் பின்னால் ஜல்லி நிரப்பி, பி.வி.சி. குழாய்த் துண்டுகளை வெளிப்பக்கம் சரிவாகச் செருக வேண்டும்.

செருகுகிறார்கள். பூச்சு வேலையன்று வீட்டுக்காரர் வந்து பார்க்கிறார். “கறை வழியுது, பாம்பு வேற பூந்துரும்” என்கிறார். கொத்தனார் ஒரு கரண்டி கலவையை எடுத்து ஒவ்வொரு வாயாக அடைத்து மட்டப்பலகை இழுக்கிறார். பெயின்ட் அடித்தபின் சுவர் வெகு லட்சணம், வயிறு தள்ளும்வரை.

எனவே ஆய்வின் தீர்ப்பு: கிடைத்தால் கருங்கல், இல்லையேல் கம்பி போட்டு நிரப்பிய பிளாக். நாலடியைத் தாண்டினால் பொறியாளரைக் கூப்பிடுங்கள். பாம்புக்குப் பயமென்றால் குழாய் வாய்க்கு வலை கட்டுங்கள், அடைக்காதீர்கள்.