வரியில்லாத முகூர்த்தம்

தஞ்சாவூர்ப் பக்கம் கல்யாணத் தரகருக்குக் கமிஷன், ஜோசியருக்குத் தட்சிணை என்று கொடுத்தே பெண்ணைப் பெற்றவர் கை ஓய்ந்துபோகிறது. இவர்களைவிட ஆர்வமாகக் கல்யாணத்தை ஊக்குவிப்பவை நம் சட்டங்கள். ஒரு வெற்றிலை பாக்குகூட எதிர்பார்த்ததில்லை. அவற்றைப் பாராட்டி ஊரில் ஒரு போஸ்டர் இல்லையே என்பது என் நெடுநாள் குறை.

1955 பட்ஜெட்டில் நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக், கல்யாணமானவருக்கு 2,000 ரூபாய் வரை வருமான வரி இல்லை என்றார். ஆகாதவருக்கு 1,000 ரூபாய்தான். ஒண்டிக்கட்டையாகத் திரியும் பிள்ளையைப் பெற்றோர் கெஞ்ச வேண்டாம், பட்ஜெட்டைப் படித்துக் காட்டினால் போதும். பிற்பாடு அந்த வித்தியாசத்தை எடுத்துவிட்டார்கள். அக்கறையை எடுக்கவில்லை. 1994-இல் வந்த உத்தரவைப் பாருங்கள். சோதனைக்கு வரும் அதிகாரி, கணக்கில் வராவிட்டாலும், கல்யாணமான பெண்ணின் நகையில் 500 கிராம் வரை பறிமுதல் செய்யக் கூடாது. கல்யாணமாகாத பெண்ணுக்கு 250 கிராம். மூன்று முடிச்சுக்கு முப்பத்தொன்றேகால் பவுன்! அவள் டாக்டரானாலும் கலெக்டரானாலும் கழுத்தில் தாலி ஏறாமல் தராசு இறங்கிக் கொடுக்காது.

சொந்தக்காரர் அல்லாதவரிடம் ஆண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்பு வாங்கினால் அது வருமானம், வரி உண்டு. பேராவூரணிப் பக்கத்து மொய் விருந்தானாலும் காதுகுத்தானாலும் சட்டத்தின் கண் ஒன்றுதான். ஆனால் மணமக்கள் தங்கள் கல்யாணத்தில் வாங்கினால் எவ்வளவானாலும் வரியில்லை. வரதட்சணைத் தடைச் சட்டமும் வருமான வரிச் சட்டமும் 1961-இல் பிறந்த அண்ணன் தம்பி. மேடையில் மாமனார் கார் சாவியை நீட்டினால் அண்ணன் முகம் சுளிப்பார். தம்பி கல்யாணப் பரிசு என்று எழுதிக்கொள்வார். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லாததால் மாப்பிள்ளைக்கு நிம்மதி.

அதே ஆண்டின் பெயரைத் தாங்கி வந்த தமிழ்நாட்டு நில உச்சவரம்புச் சட்டத்துக்குத்தான் டெல்டா கோயில் கட்ட வேண்டும். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு முதலில் 30 தர ஏக்கர், 1970-இல் 15. அதற்கு மேல் வீட்டுப் பெண்ணின் சீதன நிலமாகப் பத்து தர ஏக்கர் வரை வைத்துக்கொள்ளலாம். காவிரிக் கரையில் மனைவிமார் மீது எப்பேர்ப்பட்ட பிரியம் சுரந்தது! வரப்பை மிதித்தறியாத அம்மாளுக்கெல்லாம் பட்டா. போகம் எத்தனை மூட்டை என்று கேட்கும் தொல்லையைக்கூட அவர்களுக்கு யாரும் வைக்கவில்லை. கல்யாணமாகாத மகள் எத்தனை வயதானாலும் அப்பா கணக்கில் அடக்கம். ஆகிவிட்டால் வேறு குடும்பம், வேறு உச்சவரம்பு. பெண்ணைச் சீக்கிரம் கரையேற்ற இதைவிட நல்ல காரணம் உண்டா?

கல்யாணமானால் இந்துக் கூட்டுக் குடும்பம் என்று இன்னொரு பான் அட்டை வாங்கலாம். கும்பகோணத்துப் பரம்பரைக் கடை வாடகையை அதில் காட்டினால் தனியாக ஒரு விலக்கு வரம்பு. நாகூர், வேளாங்கண்ணித் தம்பதிகளுக்கு இந்த எழுத்து வேலையெல்லாம் எதற்கென்று சட்டம் விட்டுவிட்டது.

நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் தம்பதியை மறந்துவிட்டதாகச் சிலர் குறை சொல்கிறார்கள். அநியாயம். வருமான வரி கட்டும் அளவுக்குக் கூலி கிடையாது. கட்டாத வரியில் எதைத் தள்ளுவது? அவர்கள் கடன் வாங்கி எடுக்கும் அரைப் பவுன் தாலிக்கு ஜிஎஸ்டி 3 சதவீதம். மிராசுதார் வீட்டு ஒட்டியாணத்துக்கும் அதே 3 சதவீதம்தான்.