நல்லவனுக்கு ஒரு பற்றரி கூட: ஒளிவாள் மின்னிணைப்பு பற்றிய ஒரு சிற்றாய்வு

கெட்டவன் வாளுக்குச் சிவப்பு, நல்லவன் வாளுக்கு நீலம் என்ற நியதியை 1977இல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படம் வகுத்தது. இதை வெறும் நிறக் குறியீடு என்று கடந்துபோவது ஆய்வுலகின் நீண்டகாலக் கவனயீனம். வாழைத் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டு மிஞ்சிய பிவிசி குழாயில் அந்த வாளைச் செய்து, உள்ளே விளக்கும் பொருத்த முனையும் யாழ்ப்பாணத்து நீர்வேலி வீட்டில்தான் உண்மை வெளிக்கிறது: தீமையைவிட நன்மைக்கு ஒரு பற்றரி கூடத் தேவை. இதுவே இக்கட்டுரையின் துணிபு.

சான்றுக்கு வருவோம். கைப்பிடிக்குள் இரண்டு பென்ரோச் பற்றரிகளைத் தொடராக வைத்தால் 3 வோல்ற்று. சிவப்பு எல்.ஈ.டி. ஏறத்தாழ 2 வோல்ற்றிலேயே திருப்தியாக எரியும். மிச்சத்தைத் தின்ன 47 ஓம் தடையி ஒன்றைப் பற்றவைத்தால் போதும். அதே இடத்தில் நீலத்தை வைத்து, நீண்ட காலை நேர்முனைக்குச் சரியாகவே கொடுத்தாலும் அது மினுக்கிட மட்டுமே செய்யும். நீல ஒளியின் அலைநீளம் குறைவு. ஆகவே ஒவ்வொரு போட்டனும் சுமக்கும் சக்தி அதிகம். அதற்கு 3 வோல்ற்றுக்கு மேல் கேட்கிறது. பற்றரி இறங்க இறங்க முதலில் அணைந்துபோவது கதாநாயகனே. வரலாறும் இதற்குச் சாட்சி. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.ஈ.டி.யை நிக் ஹொலொன்யாக் 1962இல் செய்துவிட்டார். பிரகாசமான நீலத்துக்கு உலகம் 1990கள் வரை காத்திருந்தது. அதைச் சாதித்த அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. சிவப்புக்கு அந்த மரியாதை இல்லை. படம் எடுத்தவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரியாது. அவர்கள் வாளொளியைப் பிறகு பிலிமில் வரைந்துகொண்டார்கள். அங்கே இரு தரப்புக்கும் ஒரே செலவு.

மறுப்புகள் வரும். வெள்ளை எல்.ஈ.டி.க்கு நீலக் கண்ணாடித்தாள் சுற்றினால் ஆகாதா என்பர். ஆகும், ஆனால் பற்றரி மிச்சமாகாது. வெள்ளை எல்.ஈ.டி. என்பதே மஞ்சளாக ஒளிரும் பூச்சிட்ட நீல எல்.ஈ.டி.தான், வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்த அதே ஆள். அதே வரிசையின் 1983ஆம் ஆண்டுப் படத்தில் நாயகன் கையில் பச்சை வாள்தானே, பழைய மங்கல் பச்சை 2 வோல்ற்றுச் சொச்சத்தில் எரிகிறதே என்பது கூர்மையான வாதம். அரைகுறை நன்மை மலிவாகக் கிடைக்கும் என்பதை நாமும் மறுக்கவில்லை. வேலுக்குப் பற்றரி போட்டா சூரனை வென்றது என்று நீர்வேலி கந்தசுவாமி கோயிலடியிலிருந்து ஒரு குரல் எழலாம். வேல் அசல், நமது ஆய்வு மாதிரிகளைப் பற்றியது. ஒற்றைப் பற்றரிக்கு இத்தனை தத்துவமா என்பது கடைசி மறுப்பு. 1990களின் பொருளாதாரத் தடையில் குடாநாட்டுக்குப் பற்றரி வர அனுமதியில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட மண்ணில் இக்கேள்வியை யாரும் கேட்கமாட்டார்கள். ஒன்றரை வோல்ற்றுக்குக் கை எவ்வளவு உளையும் என்பது அங்கே ஏற்கெனவே அளந்தாகிவிட்டது.

எனவே செய்முறை விதி இது. பென்ரோச் பற்றரி ஒன்றின் நீளம் 5 சென்ரிமீற்றர். குழாய் அறுக்கும்போது நல்லவன் கைப்பிடிக்கு அந்த 5 சென்ரிமீற்றரைக் கூட விட்டு அறுத்து, மூன்றாவது பற்றரியை இட்டு, தடையியை 68 ஓமாக மாற்றவேண்டும். தன் கைப்பிடி மட்டும் கட்டை என்று சிவப்பு வாள்காரர் முறைப்பாடு செய்வார். அவரைப் பௌதிகவியல் வாத்தியாரிடம் அனுப்பிவிடலாம்.