மூன்று பாடங்கள், ஒரே ஊர்

எங்கள் காலத்தில் கல்கத்தாவில் மாலை நேரத்துப் படிப்பு என்றால் முதலில் ஹரிக்கேன் விளக்கின் கண்ணாடியைத் துடைத்து வைக்க வேண்டும். இருட்டியதும் லோட்ஷெடிங் வந்துவிடும். மின்சாரம் எப்போது திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. லேக் மார்க்கெட்டை ஒட்டிய எங்கள் தெருவில், மாடிப்படியில் பாயை விரித்து, அந்த மஞ்சள் வெளிச்சத்தில்தான் மைட்டோகாண்ட்ரியாவைப் படம் வரைந்து பாகங்களைக் குறித்துப் பழகினேன். 1982இல் ஹயர் செகண்டரி எழுதினேன். கையில் ஒரு பாடநூல், டியூஷன் நோட்ஸ், அக்காமார்களிடம் கேட்டு வாங்கிய பழைய டெஸ்ட் பேப்பர். இவற்றோடு வங்காளத்துப் பிள்ளைகள் பெரிதும் நம்பிய ‘சஜஷன்’. இந்த ஆண்டு எந்தெந்தக் கேள்வி வரும் என்று டியூஷன் வாத்தியார் குறித்துக் கொடுக்கும் பட்டியல் அது.

இன்று அதே வீட்டில் என் அண்ணன் மகள் பன்னிரண்டாம் வகுப்புக்குத் திருப்புதல் செய்கிறாள். பளிச்சென்ற விளக்கு, மேஜை, கைப்பேசியில் பாடக் காணொளிகள், நான்கு நிறத்தில் கோடு போடும் பேனாக்கள். பள்ளித் தேர்வு முடிந்த கையோடு நீட். அதன் 720 மதிப்பெண்ணில் 360 உயிரியலுக்கு. அதனால் என்சிஇஆர்டி புத்தகத்தில் ஒரு வரியையும் விட முடியாது என்கிறாள். அவள் படும் பாடு எனக்குப் புரிகிறது. நான் ஒரு மாலையில் ஒரு பாடம் படித்தேன். அவள் மூன்று பாடங்களை ஓட்டிவிடுகிறாள். செல், இனப்பெருக்கம், உயிரிப் பன்மை.

இந்த மூன்றும் எங்கள் வீட்டைச் சுற்றிச் சில மைல் தொலைவுக்குள் நடந்தவை, இன்றும் நடப்பவை. அன்று எங்களுக்கு ஊர் எட்டும் தூரத்தில் இருந்தது, பாடம் மூடிக் கிடந்தது. இன்று பாடம் நன்றாகவே திறந்திருக்கிறது. ஊருக்குள் போய்ப் பார்க்கத்தான் பிள்ளைக்கு நேரமில்லை. இந்த இரண்டையும் ஒன்றுசேர்க்க முடியும் என்று உறுதியாக நம்புவதால்தான் எழுதுகிறேன்.

முதலில் செல். செய்முறை வகுப்புக்கு முன் வெங்காயத்தின் காய்ந்த வேரைச் சுரண்டி, அடிப்பக்கம் மட்டும் தண்ணீரில் படும்படி புட்டியின் வாயில் உட்கார வைப்போம். இரண்டு மூன்று நாளில் வெள்ளை வெளேரென்று புது வேர் இறங்கும். அதன் நுனியை நறுக்கி, அசெட்டிக் அமிலமும் ஆல்கஹாலும் கலந்த திரவத்தில் போட்டு வைத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் மிருதுவாக்கி, அசிட்டோகார்மைன் சொட்டுவிட்டு லேசாகச் சூடு காட்ட வேண்டும். பிறகு கண்ணாடி வில்லையை மூடி, மேலே வடிதாள் வைத்து, பென்சிலின் பின்முனையால் தட்டி, கட்டைவிரலால் ஒரே அழுத்து. விரல் நகர்ந்தால் எல்லாம் போச்சு. சரியாக அமைந்தால் நுண்ணோக்கியில் செல்கள் ஒரே அடுக்காகப் பரவித் தெரியும். அவற்றில் சிலவற்றின் நடுவே குரோமோசோம்கள் சிவந்த இழைகளாக வரிசை கட்டி நிற்கும். வெங்காயத்துக்குப் பதினாறு. எண்ணிப் பார்க்கக் கண் வலிக்கும். ஆனால் எண்ணிவிட்டால் அன்று இரவு தூக்கம் வராது.

அந்த நாளில் எங்கள் நோட்ஸில் இருந்த பெயர்கள் ஷ்லைடன் 1838, ஷ்வான் 1839, விர்ச்சோ 1855. குரோமோசோம்களைக் குலையாமல் பிரித்து, சாயமேற்றித் தெளிவாகப் பார்க்கும் வழிமுறைகளை உலகத்துக்கே வகுத்துத் தந்தவர்களில் ஒருவர் எங்கள் பகுதிக்கு அருகிலேயே, பாலிகஞ்ச் சர்க்குலர் ரோட்டில் இருந்த கல்கத்தா பல்கலைக்கழகத் தாவரவியல் துறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அருண் குமார் சர்மா. செல்லியலுக்கென்று ‘தி நியூக்ளியஸ்’ என்ற ஆய்விதழை 1958இல் இங்கிருந்து தொடங்கியவர். அவரும் அவருடைய மனைவி அர்ச்சனா சர்மாவும் சேர்ந்து 1965இல் வெளியிட்ட குரோமோசோம் நுட்பங்கள் பற்றிய நூல் பல நாட்டு ஆய்வகங்களுக்குக் கைநூலாக இருந்தது. அர்ச்சனா 1975இல் பட்நாகர் பரிசு பெற்றார். சென்னையில் படித்து, கோயம்புத்தூரில் கரும்பு ஆய்வு செய்து, உலகப் பயிர்களின் குரோமோசோம் அட்டவணையை 1945இல் டார்லிங்டனோடு சேர்ந்து வெளியிட்ட ஜானகி அம்மாளும் 1950களில் இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தைச் சீரமைக்க இந்த ஊருக்குத்தான் வந்தார். அழுத்திய கட்டைவிரலின் சாயம் போகாமல் வகுப்புக்கு ஓடிய எங்களிடம் இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை.

இன்று நிலைமை மேல். பதினோராம் வகுப்பு உயிரியலில் செல் பற்றிய அலகின் முகப்பில் ஜி.என். ராமச்சந்திரனின் படம் இருக்கிறது. மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் 1954இல் கொலாஜனின் மும்மடிச் சுருளைக் கண்டு சொன்னவர். “இவர் நம்ம ஊர்க்காரர்தானே அத்தை?” என்று அண்ணன் மகள் கேட்டாள். ஆமாம் என்றேன். படத்தை ஒரு கணம் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாள். முகப்புப் பக்கத்திலிருந்து கேள்வி வராதாம்.

அடுத்து இனப்பெருக்கம். எங்கள் வகுப்பில் பூவின் மகரந்தச் சேர்க்கை வரைக்கும் பாடம் விரிவாக நடந்தது. மனித இனப்பெருக்கம் வந்ததும், “இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்” என்று ஆசிரியை அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். வீட்டிலும் அதைப் பற்றிப் பேச்சில்லை. நாங்கள் வயசுக்கு வந்த பெண்கள். எங்களுக்கு மிகவும் தேவைப்பட்ட பாடம் அதுதான்.

அந்தக் காலத்தில், அதே கல்கத்தாவில், அந்தப் பாடத்தின் பெரிய அத்தியாயம் ஒன்று நடந்து முடிந்திருந்தது. 1978 ஜூலை 25இல் இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் பிறந்தாள். எழுபது நாள் கழித்து, அக்டோபர் 3இல், துர்கா பூஜை வேளையில் கல்கத்தாவில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. துர்கா என்ற பெயரில்தான் உலகம் அவளை முதலில் அறிந்தது. உலகின் இரண்டாவது சோதனைக்குழாய்க் குழந்தை. அதைச் செய்தவர் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய். உடன் உழைத்தவர்கள் சுனித் முகர்ஜி, சரோஜ் காந்தி பட்டாச்சார்யா. இங்கிலாந்துக் குழு இயல்பாக முதிர்ந்த ஒரே முட்டையை லேப்ராஸ்கோப் வழியாக எடுத்தது. இவர் ஹார்மோன் கொடுத்து ஒன்றுக்கு மேற்பட்ட முட்டைகளை முதிரச் செய்தார். கருவை உறைய வைத்து, தாயின் உடல் தயாரான பிறகு வேறொரு மாதவிடாய்ச் சுழற்சியில் கருப்பையில் வைத்தார். உறைய வைத்த கருவிலிருந்து குழந்தை பிறந்ததாக மற்ற நாடுகள் அறிவித்தது 1980களில்தான். ஹார்மோன் கொடுப்பது, கருவை உறைய வைப்பது, இந்த இரண்டும் இன்று நாடெங்கும் கருத்தரிப்பு மையங்களில் அன்றாடம் நடப்பவை.

மாநில அரசு அமைத்த குழு 1978 நவம்பரில் அவரை விசாரித்து, அவர் சொல்வதை நம்ப முடியாது என்று முடிவு கட்டியது. ஜப்பானிலிருந்து வந்த அழைப்புக்குப் போக அனுமதி கிடைக்கவில்லை. கடைசியில் கண் மருத்துவ நிறுவனம் ஒன்றுக்கு மாற்றினார்கள். 1981 ஜூன் 19இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அப்போது நான் அடுத்த ஆண்டுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா செய்தியைப் படித்துவிட்டுப் பேசாமல் இருந்தார். நாங்கள் ஏனென்று கேட்கவில்லை. 1986இல் மும்பையில் ஹர்ஷா பிறந்தபோது இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை என்றார்கள். அந்தப் பெருமைக்கு உரியவர்களில் ஒருவரான டி.சி. ஆனந்த் குமார், 1997இல் முகோபாத்யாயின் குறிப்புகளைக் கையில் வாங்கிப் படித்தார். முதலில் செய்தவர் அவரே என்று தானே எழுதி அறிவித்தார். தன் பெயரில் இருந்த முதலிடத்தைத் தன் கையாலேயே இன்னொருவருக்கு எடுத்துக் கொடுப்பதற்குப் பெரிய மனசு வேண்டும்.

இன்று என் அண்ணன் மகள் ஐவிஎஃப், சிஃப்ட், கிஃப்ட், இக்ஸி என்று செயற்கைக் கருத்தரிப்பு முறைகளைக் கூச்சமில்லாமல், தெளிவாகச் சொல்கிறாள். எட்டு செல் வரையுள்ள கருவை ஃபெலோப்பியன் குழாயில் வைக்கலாம், அதற்கு மேல் போனால் கருப்பையில். அவள் சொல்லிக் கேட்டபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. எங்களுக்கு மறுக்கப்பட்டது இவளுக்குக் கிடைத்திருக்கிறது. துர்காவின் கதையைச் சொன்னேன். அந்தக் கரு உறைந்த நிலையில் ஐம்பத்து மூன்று நாள் இருந்தது என்றதும் பேனாவைக் கீழே வைத்தாள்.

“அத்தனை நாளும் உயிரோடவா இருந்துச்சு?”

“ஆமாம். தண்ணி உறைஞ்சா என்ன ஆகும்?”

“ஐஸ் கட்டியாகும். கூர் கூரா இருக்கும்.” சற்று யோசித்தாள். “செல் சவ்வைக் கிழிச்சிடும்ல?”

அதைத் தடுக்கத்தான் முகோபாத்யாய் குழுவினர் டைமெத்தில் சல்ஃபாக்சைடைப் பயன்படுத்தினார்கள். அது செல்லுக்குள் புகுந்து, கூரிய பனிப்படிகம் உருவாவதைக் குறைக்கும். அதோடு மெல்ல மெல்லக் குளிர்விக்க வேண்டும். பதினோராம் வகுப்பில் படித்த செல் சவ்வும் பன்னிரண்டில் படித்த கருவும் அன்றைக்குத்தான் அவளுக்கு ஒரே பாடமாயின.

மூன்றாவது, உயிரிப் பன்மை. நிலப்பரப்பில் இந்தியாவின் பங்கு 2.4 சதவீதம், உயிரினங்களில் 8.1 சதவீதம் என்று இன்றைய பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் 2022இல் பாடச்சுமையைக் குறைத்தபோது பன்னிரண்டாம் வகுப்பின் முதல் பாடமே, ‘உயிரிகளில் இனப்பெருக்கம்’, நீக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நம் நீலக்குறிஞ்சி அதில் இருந்தது. வங்காளத்தின் பேரச்சம் என்று பெயரெடுத்த ஆகாயத்தாமரையும் இருந்தது. அழகான பூவுக்காகக் கொண்டுவரப்பட்டு, துண்டு துண்டாகப் பெருகி, குளம் குட்டையெல்லாம் மூடிய செடி. ஒரு பாடம் போனதில் தமிழ் மலையும் வங்காள நீரும் சேர்ந்தே போயின. எனக்கு அது வருத்தம்.

அந்தச் செடியைக் காட்டத்தான் அவளை ஊரின் கிழக்கு எல்லைக்கு, பேரிகள் எனப்படும் மீன் வளர்ப்புக் குளங்கள் இருக்கும் பக்கம் கூட்டிப் போனேன். கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்கள், ஏறக்குறைய 12,500 ஹெக்டேர், 2002 முதல் ராம்சார் தளம். நகரத்தின் சாக்கடை கால்வாய் வழியே இங்கே வருகிறது. ஆழம் குறைந்த பேரிகளில் தேங்கும்போது பாக்டீரியா கழிவைச் சிதைக்கிறது. வெயிலில் பாசி பெருகி ஆக்சிஜன் விடுகிறது. பாசியையும் மிதவை உயிரிகளையும் தின்று ரோகுவும் கட்லாவும் வளர்கின்றன. கழிவாகப் போனது மீனாகச் சந்தைக்குத் திரும்புகிறது. மீனவர்கள் தலைமுறைகளாகச் செய்துவந்த இந்த வேலையின் மதிப்பை 1980களில் உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் துருபஜோதி கோஷ் என்ற பொறியாளர். அவர் இல்லாவிட்டால் இதுவும் மண்ணடிக்கப்பட்டு மனையாகியிருக்கும். 1960களில் ஹூக்ளியின் வண்டலைக் கொட்டி நிரப்பிய சதுப்பில்தான் சால்ட் லேக் நகரம் நிற்கிறது. அந்தச் சதுப்பிலிருந்து 1965இல் அறிவியலுக்கு அறிமுகமான கீரிக்கு இப்போது இருக்க இடம் சுருங்கிவிட்டது.

பேரியின் கரையோரம் மூங்கில் கட்டி ஆகாயத்தாமரையை ஒரு பட்டையாக நிறுத்தி வைத்திருந்தார்கள். அலை மோதிக் கரை கரையாமல் இருக்கவாம். அதன் வேர்கள் நீரில் உள்ள உலோகங்களையும் ஈர்த்துக்கொள்கின்றன. “புக்ல இது எதிரி. இங்க வேலைக்கு வச்சிருக்காங்க” என்றாள். ஒரு செடியை இழுத்து, தாய்ச்செடியிலிருந்து ஓடிய தண்டையும் அதன் நுனியில் இருந்த குட்டிச் செடியையும் புரட்டிப் பார்த்தாள். நீக்கப்பட்ட பாடம் அவள் கையில் சொட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் பச்சை பிடித்த பிறகுதான் மீன்குஞ்சு விடுவோம் என்று அங்கிருந்த பெரியவர் வங்காள மொழியில் சொன்னதை அவள் பாசி, ஒளிச்சேர்க்கை, ஆக்சிஜன் என்று உடனே வரிசைப்படுத்தினாள். இத்தனையும் முன்பே படித்திருந்ததால்தான் அவளால் அது முடிந்தது. மனப்பாடத்தை நான் பழிக்க மாட்டேன். பார்ப்பதைப் புரிந்துகொள்ளும் கண்ணை அதுவும் தருகிறது.

பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 30. அந்த முப்பதுக்குள் ஒரு திட்டப்பணியும் அடங்கும். பெரும்பாலும் அது கடையில் அச்சடித்து வாங்கிய படங்களோடு முடிந்துவிடுகிறது. அதை ஊரிலேயே செய்யச் சொல்லுங்கள். கொல்கத்தாப் பிள்ளைக்குப் பேரி இருக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், 1925இல் நடுமரத்தை வெட்டி எடுத்த பிறகும் விழுதுகளாலேயே வாழும் ஷிப்பூர் ஆலமரம் இருக்கிறது. சென்னைப் பிள்ளைக்குப் பள்ளிக்கரணை. திண்டுக்கல் பிள்ளைக்குக் கொடைக்கானல் சோலை. ஆசிரியர்கள் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கினால் போதும். பெற்றோர்கள் அந்த ஒரு நாளை டியூஷனிடமிருந்து மீட்டுத் தந்தால் போதும். எங்களுக்குச் சொல்லித்தர ஆளில்லாமல் போனது. இவர்களுக்குப் பாடமும் தெரியும், வழியும் தெரியும். அனுப்பி வைப்பதுதான் நம் வேலை.