கருந்திரைச் சித்தி: பரபக்கமும் சுபக்கமும்

நுதலிய பொருள்

கொம்பியூட்டரைப் போட்டதும் மொனிட்டர் கறுப்பாகவே நிற்பது ஏன், நின்றால் யாரைத் திட்டுவது என்னும் இரண்டையும் ஆராய்தல் இக்கட்டுரை நுதலிற்று. நடைமுறையில் இரண்டாவது கேள்விதான் முதலில் எழும். ஆயினும் ஆய்வு ஒழுங்கு கருதி அது பின்னுக்குத் தள்ளப்பட்டது.

களம் கொஸ்லந்தை. பெரகலையிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கும் ஏ4 பாதையில், தியலும நீர்வீழ்ச்சிக்கு முன்னால் வரும் டவுன். இவ்வூரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அளவை நூலார் அத்தனை பேரும் எடுத்துக்காட்டாகச் சொல்வது ஒன்றே: மலையில் நெருப்பு உண்டு, புகை இருப்பதால். இதை வகுத்தவர்கள் சமவெளியில் குடியிருந்தவர்களாக இருக்க வேண்டும். இங்கே மலையில் எழுவது பெரும்பாலும் பனிமூட்டம். ஆவியோ பனியோ என்று தெளியாததைப் புகையென்று வைத்துக்கொண்டு நெருப்பை நிறுவப் புறப்படுவதை மணிமேகலையின் 29ஆம் காதை ஏதுக் குற்றங்களுள் ஒன்றாக எண்ணியிருக்கிறது. அக்குற்றத்தைத் தினந்தோறும் செய்ய வசதியுள்ள ஊர் இது. திரை கறுத்ததும் “மொனிட்டர் செத்துப்போச்சு” என்று தீர்ப்பெழுதுவதும் அதே குற்றம்தான் என்பது இவ்வாய்வின் கோட்பாடு.

பரபக்கம்

முதலில் பிறர் கொள்கைகளை எடுத்து மறுப்போம். இவ்விடயத்தில் மூன்று சமயங்கள் உள.

ஒன்று, அடிவாதம். மொனிட்டரின் பக்கவாட்டில் உள்ளங்கையால் ஓங்கி ஒன்று வைத்தால் படம் வரும் என்பது இவர் மதம். பழைய பெட்டி டீவிகளில் ஈயப் பற்று விட்டுப்போன இடங்கள் அடியில் ஒட்டிக்கொண்டது உண்மை. அந்த ஒரு வெற்றியை வைத்துக்கொண்டு இன்றைய தட்டைத் திரையையும் அடிக்கிறார்கள். அதற்குள் இருப்பது மெல்லிய கண்ணாடி. அடித்தால் முன்பு இருந்த ஒரு குறை இரண்டாகும்.

இரண்டு, ஊதல்வாதம். பெட்டியைத் திறந்து, ரெம்மைப் பிடுங்கி, அதன் பொன்னிற விளிம்பை அழிறப்பரால் தேய்த்து, ஊதி, திரும்பச் செருகுவர். இது முழுப்பொய்யன்று. ஈரக்காற்றும் தூசியும் படிந்த விளிம்பு மங்கும், மங்கினால் தொடுப்பு விடும், விட்டால் திரை கறுக்கும். பல இயந்திரங்கள் அப்போது விட்டுவிட்டுக் கத்தவும் செய்யும். ஆகவே தேய்ப்பு நன்று, கரண்டைக் கழற்றிவிட்டுத் தேய்த்தால் மிக நன்று. ஊதல்தான் தீது, எச்சிலும் சேர்ந்து உள்ளே போவதால். இவர்கள் எல்லா நோய்க்கும் இம்மருந்தையே கொடுப்பது பெரிய குறை. பிளக் கழன்று கிடந்தாலும் ரெம்மைத்தான் தேய்ப்பார்கள்.

மூன்று, தொட்டார்வாதம். கடைசியாகத் தொட்டவனே காரணன் என்பது இதன் சூத்திரம். மூன்றிலும் அடியார் தொகை மிகுந்தது இது. சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வரும் நாளில் எந்தக் கொமினிகேஷன் கடையிலும் இதைக் கேட்கலாம். சுட்டெண்ணை உள்ளங்கையில் எழுதிய பிள்ளைகள் மேசையைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நிற்கும்போது திரை பொசுக்கென்று கறுக்கும்.

“டேய், என்னத்தடா தொட்ட?”

“நான் ஒண்ணும் தொடல மாமா. நம்பர் மட்டுந்தான் அடிச்சேன்.”

“நம்பர் அடிச்சா ஏன்டா கறுப்பாவுது?”

“ஃபெயிலுன்னா அப்பிடித்தான் காட்டுமோ என்னமோ,” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தால் வயரை உதைத்துக் கழற்றிய கால் தெரியும். அது கடைக்கார மாமாவின் காலாக இருக்கும். தொட்டார்வாதத்தில் கால் கணக்கில் வராது, கை மட்டுமே வரும்.

சுபக்கம்

இனி நம் கொள்கை. மணிமேகலையின் 27ஆம் காதை, அறியும் வழிகளாகிய அளவைகளைப் பத்து என எண்ணும். மொனிட்டருக்கு அத்தனை வேண்டாம். காண்டல், கருதல், அபாவம் என்னும் மூன்றே போதும்.

காண்டலாவது, திரையைப் பார்ப்பதன்று; திரையின் கீழ் விளிம்பிலுள்ள சிறு விளக்கைப் பார்ப்பது. அது அறவே எரியாவிட்டால் கரண்ட் வரவில்லை. மஞ்சளாக எரிந்தால், அல்லது விட்டுவிட்டு மின்னினால், பெரும்பாலும் கரண்ட் உண்டு, செய்தி இல்லை. நீலமோ பச்சையோ வெள்ளையோ நிலையாக எரிந்தும் திரை கறுத்திருந்தால் வெளிச்சத்தில்தான் கோளாறு, அல்லது யாரோ வெளிச்சத்தைப் பூச்சியத்துக்குக் குறைத்துவிட்டார்கள்.

கருதலாவது, காணாததைக் கண்டதால் துணிதல். கீபோர்டில் கெப்ஸ் லொக்கை அமுக்குக. அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கொம்பியூட்டர் உயிரோடு இருக்கிறது, குற்றம் பெரும்பாலும் வயரிலோ மொனிட்டரிலோ என்று துணியலாம். நெருப்புக்குப் புகை எப்படியோ, உயிருக்குக் கெப்ஸ் லொக் அப்படி. மொனிட்டரிலிருந்து உண்மையாகவே புகை வந்தால் கருதல் வேண்டாம், பிளக்கைப் பிடுங்குதல் வேண்டும்.

அபாவமாவது இன்மை. இது இருவகைப்படும்: ஒளியின்மை, செய்தியின்மை. இரண்டும் கறுப்பாகவே தோன்றுவதால் உலகம் மயங்குகிறது. மயக்கம் தீர்க்க ஒரு டோர்ச் போதும். அறையை இருட்டாக்கி, திரைக்கு மிக அருகில் சாய்வாக அடித்துப் பார்த்தால், சில வேளை உள்ளே ஐகன்கள் வரிசையாக நிற்பது மங்கலாய்த் தெரியும். படம் வந்துகொண்டுதான் இருக்கிறது, பின்னால் எரிய வேண்டிய விளக்குத்தான் எரியவில்லை. இதைக் கண்டவர் பிறகு எல்லாக் கறுப்பையும் ஒரே கறுப்பென்று சொல்லார்.

செய்தியின்மைக்குக் காரணங்கள் பல. விஜிஏ வயரின் தலையில் மூன்று வரிசையாக 15 முள், இருபுறமும் இரண்டு திருகாணி. 1987இல் ஐபிஎம் கொண்டுவந்த அமைப்பு. திருகாணிகளை முடுக்க வேண்டும் என்பது அன்றைய எண்ணம். முடுக்கியவரை நாம் இதுவரை சந்திக்கவில்லை; ஆகவே வயர் தளரும், செய்தி நிற்கும். நிறத்துக்குரிய முள் ஒன்று மட்டும் வளைந்தால் திரை கறுக்காது, நிறம் மாறும்: நீலம் போனால் மஞ்சள் அடிக்கும், பச்சை போனால் ரோஸ் அடிக்கும். தனி கிராபிக்ஸ் அட்டை பூட்டிய பெட்டியில் வயரை மேலே உள்ள பழைய துவாரத்தில் செருகினாலும் செய்தி வராமற் போகலாம். எச்டிஎம்ஐ வயரைப் போட்டுவிட்டு மொனிட்டரை விஜிஏயில் வைத்திருப்பதும் உண்டு.

இவற்றால் பெறப்படுவது: மொனிட்டர் செய்தி சொல்ல நிற்பதே அன்றிச் செய்தியை ஆக்குவது அன்று. சம்பளத் துண்டில் தொகை குறைந்தால் அதை நீட்டும் கணக்கப்பிள்ளைதான் ஏச்சு வாங்குவார், குறைத்தவர்கள் கொழும்பில் இருப்பார்கள். மொனிட்டரின் நிலையும் அதுவே. எனவே சோதனை சுவரில் தொடங்கித் திரையில் முடிய வேண்டும்: சுவிட்ச், பிளக், மல்டிபிளக், பெட்டி, மொனிட்டரின் பின்புற வயர், விளக்கு. திரையில் தொடங்கிச் சுவரில் முடிப்பவர் நடுவில் புது மொனிட்டர் ஒன்று வாங்கியிருப்பார்.

ஓர் எச்சரிக்கை. பழைய குழல் மொனிட்டரின் முதுகைக் கழற்றற்க. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதனுள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். இவ்விடத்தில் கேலி இல்லை.

புறனடை

சுவர்வரை சோதித்தும் காரணம் சுவருக்கு அப்பால் இருக்கலாம். ஐப்பசி மாதத்துப் பிற்பகல் இடியில் ட்ரிப் சுவிட்ச் விழுவது சிறு புறனடை. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டியது பெரும்புறனடை. 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் கரண்ட் போயிற்று. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று புகுந்ததே காரணம் என்றார் மின்சக்தி அமைச்சர். கொஸ்லந்தையில் கறுத்த திரை முன் இருந்துகொண்டு கடற்கரைப் பாணந்துறையில் ஒரு குரங்கைக் கருதி அறியும் ஆற்றல் எந்த அளவை நூலுக்கும் இல்லை. தொட்டார்வாதிகளின் சூத்திரம் தப்பாது பலித்த ஒரே சந்தர்ப்பமும் அதுவே. கடைசியாகத் தொட்டது குரங்கு.

முடிபு

இவ்வளவும் தெரிந்தால் பண்டாரவளையிலிருந்து கொம்பியூட்டர் திருத்தும் பாஸை ஏன் கூப்பிட வேண்டும் என்பாரும் உளர். அதற்கு விடை: நம்பத்தக்கவர் சொல்லே சான்று என்னும் ஆகம அளவை கருதி என்க. “பிளக் கழண்டிருக்கும், பாருங்கப்பா” என்று வீட்டுப் பிள்ளை சொன்னால் அது வாய்க்கொழுப்பு. அதையே பாஸ் பஸ்ஸில் வந்து இறங்கி, தேத்தண்ணி குடித்து, கூலி வாங்கிக்கொண்டு சொன்னால் அது ஆப்தவாக்கியம். ஒரே வசனம் இரண்டு பயன் தருவது காசினால் என்பது தெளிவு. ஆகலின், கொம்பியூட்டர் தெரிந்த பிள்ளைகள் இனிப் பெற்றோரிடமும் முன்பணம் வாங்கிய பின்னரே வாய் திறக்க வேண்டும் என்பது இவ்வாய்வின் பரிந்துரை.