ஒண்டி ஆளும் ஒரு டஜனும்: பாரிமுனையை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

வெளியூரிலிருந்து ஒரு வேலையாகச் சென்னைக்கு வந்து, வந்த வேலை மத்தியானத்துக்குள் முடிந்துபோய், ஊர் திரும்ப எழும்பூரில் ராத்திரிதான் ரயில் என்ற நிலையில், பையை க்ளோக் ரூமில் போட்டுவிட்டுக் கையை வீசிக்கொண்டு கிளம்பும் மனிதர் இவ்வாய்வில் ‘ஒண்டி ஆள்’ எனப்படுவார். குடும்பத்தோடு வந்தவர் இவ்வரையறைக்குள் வாரார், அவருக்குத் தி.நகர் உண்டு. நண்பர்களோடு வந்தவரும் வாரார். எங்கே போவது என்று பேசி முடிப்பதற்குள் அவர்களுக்கு ரயில் நேரம் வந்துவிடும். சென்னையில் சொந்தக்காரர் இருந்தும் சொல்லாமல் வந்தவர் ஒண்டி ஆளே. அந்தச் சொந்தக்காரர் வீடு இருக்கும் பேட்டைப் பக்கம் அவர் தலைகாட்டமாட்டார் என்பது கூடுதல் இலக்கணம்.

இவருடைய ஆசை சிறியது. பெரிய பட்டணத்தில் விசித்திரமான கடைகள் இருக்கும், நம் ஊரில் காணாத சாமான் கிடக்கும், நாலு தெரு சுற்றிவிட்டுப் பிடித்ததில் ஒன்றை வாங்கிக்கொண்டு போகலாம் என்பதே அது. ஒன்று என்ற இந்த எண்ணிலிருந்துதான் ஆய்வுச் சிக்கல் தொடங்குகிறது.

2. கருதுகோள்

கருதுகோளை நூற்பாவாகத் தருதல் மரபு.

*ஒண்டியாய் வருநர்க்கு ஒன்று கிடையாது;*
*டஜனே கணக்கெனத் தெருவோர் மொழிப.*

உரை: தனியாக வருகிறவருக்குத் தனியாக ஒரு சாமானை எடுத்துக் கொடுக்கும் வழக்கம் மொத்த வியாபாரத் தெருவில் இல்லை, அங்கே எண் பன்னிரண்டில்தான் தொடங்கும். தெருவோர் என்றது முதலாளியை மட்டுமன்று. கல்லாவில் இருப்பவர், பில் போடுபவர், மூட்டை தூக்குபவர், டீ வாங்கிவரும் பையன் அனைவரையும் என்க. இவ்விஷயத்தில் அவர்களுக்குள் கருத்து வேற்றுமை இல்லை.

3. களம்

ஆய்வுக்களம் பாரிமுனை. 1788-இல் இங்கே வியாபாரம் தொடங்கிய தாமஸ் பாரியின் பெயர் இந்த முக்குக்கு ஒட்டிக்கொண்டது. அதன் பின்னால் கிடக்கும் பகுதியை வெள்ளைக்காரர்கள் கறுப்பர் நகரம் என்றார்கள். ஐந்தாம் ஜார்ஜ் பட்டமேற்ற 1911-இல் அதுவே ஜார்ஜ் டவுன் ஆயிற்று. உள்ளே கடை வைத்திருப்பவர்கள் மன்னரை மதிப்பதில்லை. “பாரீஸ்ல கடை” என்பதே அவர்கள் வழக்கு. வியாபாரியின் பெயர் ராஜாவின் பெயரை வென்ற இடம் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

இங்கே தெருவுக்கு ஒரு தொழில். காகிதத்துக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் ஆண்டர்சன் தெரு. துணிக்குக் கோடவுன் தெரு. கண்ணாடிக்குத் தேவராஜ முதலி தெரு. பொம்மை, பேன்ஸி சாமானுக்குக் காசிச் செட்டித் தெரு. ரசாயனத்துக்கு நைனியப்ப நாயக்கன் தெரு. நாட்டு மருந்துக்கும் பூஜைச் சாமானுக்கும் ராசப்ப செட்டித் தெரு. ஒரே சரக்கை விற்பவர்கள் தோளோடு தோள் உரசி உட்கார்ந்தால் போட்டியில் அழிந்துபோவார்களே என்று புதியவர் கேட்கக்கூடும். மாறாக, அதனால்தான் பிழைக்கிறார்கள். வெளியூர் வியாபாரிக்கு இருப்பது ஒரு பகல். நாலு கடையில் விலை கேட்க அவர் நாலு பேட்டைக்கு அலையவேண்டாம். கேட்ட சரக்கு கடையில் இல்லையென்றால் முதலாளி “இருக்கு, ரெண்டு நிமிஷம்” என்று சொல்லிப் பையனை எதிர்க்கடைக்கு ஓட்டுவார்.

இந்த ஏற்பாடு முழுவதும் மூட்டையோடு திரும்பப் போகிறவருக்காகச் செய்யப்பட்டது. மீன்பாடி வண்டியும், தலைச்சுமையும், இரண்டு ஸ்கூட்டரும் ஒரே நேரத்தில் புகும் சந்தில் வெறுங்கையோடு அண்ணாந்து பார்த்து நிற்கும் ஒண்டி ஆளைத் தெரு ஒரு தடுப்புக் கட்டையாகவே கருதுகிறது. “சார், ஓரம்! ஓரம் சார்!” என்பதே அவருக்குக் கிடைக்கும் முதல் வரவேற்பு.

4. முதற் சான்று: சாவிக்கொத்து

காசிச் செட்டித் தெருவில் பதிவான உரையாடல் வருமாறு:

“என்னா சார் வேணும்?”

“இந்தச் சாவிக்கொத்து எவ்வளவு?”

“எவ்ளோ டஜன்?”

“ஒண்ணு.”

“ஒரு டஜனா?”

“இல்ல, ஒரே ஒண்ணு.”

“ரீடெய்ல் இல்ல சார்.”

ஐந்தாம் வரியைக் கவனிக்க. கடைக்காரர் சந்தேகத்தின் பலனை வாடிக்கையாளருக்கு அளித்திருக்கிறார். அதையும் இவர் கெடுத்துக்கொண்ட பின்னரே கதவு சாத்தப்பட்டது. இதை அகம்பாவம் என்று கொள்ளற்க. பாக்கெட்டைப் பிரித்து ஒன்றை எடுத்தால் மிச்சம் பதினொன்று. அடுத்து வரும் சிவகாசிக்காரரோ சிதம்பரத்துக்காரரோ பிரித்த பாக்கெட்டைத் தொடமாட்டார். பன்னிரண்டு டஜன் சேர்ந்த குரோஸ் என்றால் 144 உருப்படி; அதிலும் ஒன்று குறைந்தால் கணக்கே இடிக்கும். ஒண்டி ஆள் ஒன்றை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார். பதினொரு அநாதைகளோடு குடித்தனம் நடத்துவது கடைக்காரர்தான்.

அனுபவம் மிக்க ஒண்டி ஆட்கள் இதற்கு ஒரு பரிகாரம் கண்டிருக்கிறார்கள். “கடை எங்க வச்சிருக்கீங்க?” என்ற கேள்வி வருமுன்பே, “சாம்பிள் ஒண்ணு எடுத்துக்குறேன், ஊர்ல காட்டிட்டு ஆர்டர் சொல்றேன்” என்று சொல்லிவிடுவது அது. ஒன்று என்றால் மறுப்பவர் சாம்பிள் என்றால் இழுத்துக் கொடுக்கிறார், விசிட்டிங் கார்டும் சேர்த்து. கடைக்காரருக்கும் விஷயம் தெரியும். எனினும் வருங்கால டஜன் ஒன்றைக் காற்றில் தொங்கவிடுபவரை விரட்டுவது தொழில் தர்மமாகாது.

5. இரண்டாம் சான்று: பத்திரிகை ஆல்பம்

ஆண்டர்சன் தெருவில் சிக்கல் வேறு விதம். இங்கே பார்ப்பதற்குத் தடையே இல்லை. ஸ்டூலைப் போட்டு, ஃபேனைத் திருப்பி, தலையணை கனத்தில் ஆல்பங்களை அடுக்குகிறார்கள். தங்க ஃபாயிலில் பிள்ளையார், வெல்வெட் உறை, ராஜா ஓலை மாதிரிச் சுருள், திறந்தால் மேலெழும் மண்டபம். நகரத்தில் காசில்லாமல் பார்க்கக் கிடைக்கும் ஓவியக் கண்காட்சிகளில் இதற்கு இணை குறைவு. ஆனால் மூன்றாவது ஆல்பத்தில் அந்தக் கேள்வி வரும்: “மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடா?”

ஒண்டி ஆளிடம் இதற்கு ஆயத்த விடை இருக்கவேண்டும். “தங்கச்சிக்கு” என்றவர் தேதி, மண்டபம், எத்தனை கார்டு என்று அடுத்தடுத்துக் கேட்கப்பட்டு, கால் மணி நேரத்தில் இல்லாத தங்கையை வந்தவாசியில் கட்டிக்கொடுத்துவிட்டு வெளியே வருவார். தமக்கென்றே சொல்பவர்கள் வழுக்கைத் தலையாக இல்லாதிருத்தல் நலம்.

6. விதிவிலக்கு: ஒரே ஒரு மாசிக்காய்

கருதுகோளுக்கு எதிர்ச்சான்று ராசப்ப செட்டித் தெருவில் கிடைக்கிறது. கந்தகோட்டத்தையொட்டிய நாட்டு மருந்துக் கடைகளில் ஒன்றே ஒன்று கேட்டாலும் கொடுக்கிறார்கள். பிறந்த குழந்தைக்கு உரை மருந்து கொடுக்க வசம்பு ஒரு துண்டு, ஜாதிக்காய் ஒன்று, மாசிக்காய் ஒன்று, கடுக்காய் ஒன்று போதும். கல்லில் இரண்டு இழைப்பு இழைத்துப் பாலில் குழைத்துப் புகட்டும் சமாசாரத்துக்கு டஜன் ஜாதிக்காய் யாருக்கு வேண்டும்? ஆகவே தலைமுறை தலைமுறையாக வந்த பாட்டிமார்களே ஒன்றின் உரிமையை இத்தெருவில் நிலைநாட்டியவர்கள் என்று துணியலாம்.

ஆனால் இங்கே சாமானுக்குப் பதில் வாங்குபவரை எடை போடுகிறார்கள்.

“யாருக்கு?”

“எனக்குத்தான்.”

“என்ன பண்ணுது?”

ஒன்றும் பண்ணவில்லை என்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. தொண்டைக் கமறல் என்பது பாதுகாப்பான வியாதி. அதிமதுரத்தில் முடிந்துவிடும். வயிறு என்று ஆரம்பித்தால் என்ன சாப்பிட்டீர்கள், எப்போது, வெளியே போகிறதா என்பது வரை போகும். பின்னால் நிற்பவரும் ஆலோசனை சொல்வார். கடைசியில் சணல் சுற்றிய பொட்டலமும், வெறும் வயிற்றில் சாப்பிடச் சொல்லிக் கண்டிப்பும் கிடைக்கும். விலை கொடுத்தது சரக்குக்கு, விசாரிப்பு இனாம்.

7. அழிந்த சான்று: மூர் மார்க்கெட்

ஒற்றைச் சாமானுக்கென்றே இந்நகரில் ஒரு தலைநகரம் இருந்தது. மாநகராட்சித் தலைவர் ஜார்ஜ் மூர் பெயரால் 1900-இல் சென்ட்ரலை அடுத்துத் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம், கிராமஃபோன் தட்டு, புறா, பொம்மை, யாரோ விட்டெறிந்த கடிகாரம் எல்லாம் கிடைத்தன. எதற்கும் இரண்டாவது பிரதி கிடையாது. டஜன் என்று கேட்டால் அங்கேதான் சிரித்திருப்பார்கள். சொன்ன விலையில் கால் பங்குக்குக் கேள் என்பது பார்த்தவர்கள் எல்லோரும் பார்க்காதவர்களுக்குச் சொல்லும் பாடம். 1985-இல் தீயில் போயிற்று. கடைக்காரர்கள் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள்; அந்த இடத்திலிருந்து இன்று புறநகர் ரயில்கள் புறப்படுகின்றன. ஒண்டி ஆட்களின் வரலாற்றில் இது கடல்கோளுக்கு நிகரான இழப்பு.

8. துணைச் சான்றுகள்

எழும்பூர் அருங்காட்சியகம் (1851) ஒண்டி ஆளுக்கு உகந்தது என்பதற்குக் காரணம் கலையார்வம் மட்டுமன்று. ‘என்ன வேணும்?’ என்று அங்கே யாரும் கேட்பதில்லை. திருவாலங்காட்டு நடராசர் ஒருவரே, திமிங்கிலத்தின் எலும்புக்கூடு ஒன்றே. டஜன் பேச்சுக்கு இடமில்லை. திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன்பு மட்டும், இருவர் ஒருவராய் நிற்கையில் தாம் ஒருவரே ஒருவராய் நிற்பது ஒண்டி ஆளுக்குச் சற்று உறைக்கலாம். வெள்ளிக்கிழமை விடுமுறை.

கலங்கரை விளக்கம் மற்றொன்று. 1796-இல் கோட்டைக்குள், 1844-இல் இன்றைய உயர் நீதிமன்ற வளாகத்துத் தூணில், 1894-இல் அதே நீதிமன்றத்தின் குவிமாடத்தில், 1977-இல் மெரினாவில் என்று வீடு மாறிக்கொண்டே வந்த ஒண்டி ஆள் அது. மெரினாவில் லிஃப்ட் உண்டு. லிஃப்டில் அடுத்தவரோடு பேசவேண்டியதில்லை என்பது உலகப் பொது விதி.

உணவில் இதே இடத்தை அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் வகிக்கிறது. 1962-க்குப் பின் பர்மாவிலிருந்து வந்தவர்களுக்காக பீச் ஸ்டேஷன் பக்கம் அமைந்தது பர்மா பஜார். அதைச் சுற்றி நிற்கும் வண்டிகளில் நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், நொறுக்கிய பேஜோ (தட்டை மாதிரி) எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் போட்டு, ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாகக் கையால் பிசைந்து தருகிறார்கள். தொட்டுக்கொள்ள வாழைத்தண்டு சூப். எல்லோரும் நின்றுகொண்டே சாப்பிடுவதால் யார் யாரோடு வந்தார் என்று பிரித்தறிய முடியாது. ஓட்டலில் அப்படியல்ல. நாலு பேர் மேஜையில் ஒருவர் உட்கார்ந்தால் சூப்பர்வைசருக்கு மனசு ஆறாது: “அங்க ஒருத்தர் இருக்காரு பாருங்க, எதிர்ல உக்காருங்க.”

9. தடையும் விடையும்

*தடை:* ஒரு சாவிக்கொத்தைக் கைப்பேசியில் தட்டினால் ஒன்றாகவே வீட்டுக்கு வருகிறதே. இத்தனை அலைச்சல் எதற்கு?

*விடை:* வருகிறது. ஆனால் ‘என்ன பண்ணுது?’ என்று யாரும் கேட்கமாட்டார்கள். ரேட்டிங் மட்டும் கேட்பார்கள்.

*தடை:* ஒண்டி ஆள் ஆணென்றே கொண்டது குற்றமாகாதோ?

*விடை:* ஆகும். ஆணை ‘எதுக்கு வந்தீங்க’ என்று கேட்கும் தெரு, பெண்ணை ‘ஏன் தனியா வந்தீங்க’ என்று கேட்கிறது. “கூட யாரும் வரலியாம்மா?” என்பது கடைக்குக் கடை வரும். இதற்கு விடையாக, மறுமுனையில் யாருமில்லாத கைப்பேசியைக் காதில் வைத்து, “ஆமா, இங்கதான், வந்துட்டே இரு” என்று சொல்லியபடி நடக்கும் பெண்கள் உண்டு. ஆண் இல்லாத கடையைக் கட்டுகிறார். பெண் இல்லாத துணையைக் கட்டுகிறார். பொய்யின் அளவு ஒன்றே. தேவையின் அளவு ஒன்றல்ல.

10. முடிவு

இதுகாறும் கண்டவற்றால், ஒன்றைக் கேட்டு வருபவரை இந்நகரம் மறுப்பதில்லை, காரணமில்லாமல் வருபவரையே மறுக்கிறது என்பது பெறப்படும். ஒரு கடையோ, கல்யாணமோ, கமறலோ கையில் இருந்தால் போதும்.

காரணம் எதுவும் கேட்காமல் ஒண்டி ஆளைக் கூவி வரவேற்கும் நிறுவனம் ஒன்றே ஒன்று உண்டு. சாயங்காலம் பாரிமுனையில் தண்டையார்பேட்டை நோக்கி நிற்கும் ஷேர் ஆட்டோ அது. “ஒரு ஆள்! ஒரே ஒரு ஆள்! ஏறுனா கிளம்பிரும்!” குடும்பமாக வந்தவர்கள் அங்கே உதவார், இரண்டு பேரென்றால் அடுத்த வண்டிதான். பகலெல்லாம் டஜனைக் கேட்ட தெரு, அந்த டஜனில் குறையும் ஒன்றுக்காகத் தொண்டை வறளக் கூவுகிறது. ஒண்டி ஆளுக்குப் போகவேண்டியது எழும்பூர். தண்டையார்பேட்டையில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. இருந்தும் கால் படியில் ஏறிவிடுவதை இவ்வாய்வு மெத்தப் புரிந்துகொள்கிறது.

அவர் இடுக்கில் உட்கார்ந்து முழங்காலை மடக்கிக்கொண்ட பிறகும் வண்டி கிளம்பாமல், ஓட்டுநர் “இன்னும் ஒரு ஆள்!” என்று கூவுவது ஏன் என்பது தனி ஆய்வுக்கு உரியது.