வரப்போரக் கேள்விகள்

வரப்பில் மரம் வளர்த்தால் அரசு காசு தருகிறதாமே?
(விவசாயி, சங்கராபுரம்)

தருகிறது. 2021-22இல் தொடங்கிய பசுமைப் போர்வை இயக்கத்தில் கன்று இலவசம். வரப்போரம் என்றால் எக்டேருக்கு 160, தோப்பாக வைத்தால் 500. இரண்டாம் ஆண்டு முதல் நான்காம் ஆண்டு வரை, உயிரோடு நிற்கும் கன்றுக்கு ஆண்டுக்கு 7 ரூபாய். டீக்குக்கூடக் காணாதுதான். ஆனால் நட்டதற்கல்ல, பிழைத்ததற்குக் காசு! இதே விதியை மரம் நடு விழாக்களுக்கும் வைத்தால் பாதி மேடை காலி.

அமெரிக்காவில் நிலத்தைச் சும்மா போட்டால் அரசே குத்தகை தருமாமே? எனக்கும் தகுதி உண்டு.
(பட்டதாரி, சின்னசேலம்)

1985இல் வந்த திட்டம். மண் அரிக்கும் நிலத்தில் சாகுபடியை நிறுத்தி, புல்லோ மரமோ வளர்க்க வேண்டும். 10 முதல் 15 ஆண்டு ஒப்பந்தம், ஆண்டுதோறும் பணம். சும்மா இருக்க வேண்டியது ஏர்தான் தம்பி, நீங்கள் அல்ல.

சொட்டுநீருக்கு மானியம் எவ்வளவு? தண்ணீர் மிச்சமாகுமா?
(கரும்பு விவசாயி, கச்சிராயபாளையம்)

சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75. தண்ணீர் நிச்சயம் மிச்சமாகும். மிச்சமானதை வைத்து இன்னும் அரை ஏக்கர் கரும்பு நடாமல் இருந்தால், அது கிணற்றுக்கும் தெரியவரும்.

மலைச் சரிவில் மரவள்ளி பிடுங்கப் பிடுங்க மண் போகிறதே! சாமைக்குத் திரும்பக் கூடாதா?
(ஆசிரியை, வெள்ளிமலை)

மண்ணைப் பிடித்துவைக்கச் சாமைக்குத் தெரியும். வீட்டுக்குக் காசு கொண்டுவர மரவள்ளிக்குத் தெரியும். கிழங்குக்குச் சேலம் பக்கம் சேகோ ஆலை காத்திருக்கிறது. சாமைக்கு யார் காத்திருக்கிறார்கள்? விதைக்கு மானியம் கொடுத்தால் ஒரு போகம் விதைப்பார்கள். வாங்க ஆள் இருந்தால் வருடா வருடம் விதைப்பார்கள். 2023 மே மாதம் நீலகிரி, தர்மபுரி ரேஷன் கடைகளில் கேழ்வரகு ஏறியது. உங்கள் கல்வராயன் மலைக் கடைகளில் சாமை ஏறினால் சரிவில் மண் நிற்கும்.

தாத்தா காலத்திலிருந்து உழுகிறோம். பட்டா கேட்ட மனுவைத் திருப்பிவிட்டார்கள். என்ன செய்ய?
(மலைவாசி, கல்வராயன் மலை)

உங்கள் மலையில் ஜாகீர் ஆட்சி போனதே 1976இல்தான். காகிதம் ஏறிவர நேரமாகிறது போலும்! வன உரிமைச் சட்டம் 2006 உங்களுக்கு உண்டு. 13.12.2005க்கு முன்பிருந்தே வன நிலத்தில் உழும் பழங்குடிக் குடும்பத்துக்கு 4 எக்டேர் வரை உரிமை. விற்க முடியாது, பிள்ளைகளுக்குச் சேரும். மனுவை முதலில் கிராம சபையில் கொடுங்கள். நாளை மானியம் கேட்கவும் அந்த உரிமைக் காகிதம் வேண்டும். அங்கே மரம் சாட்சி சொன்னால் எடுபடாது, காகிதம்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் கொல்லையில் பாட்டன் காலத்துக் கடுக்காய் மரங்கள் நிற்கின்றன. இவற்றைக் காத்ததற்கு என்ன தருவார்கள்?
(மூதாட்டி, கல்வராயன் மலை)

நட்ட கன்றுக்கு 7 ரூபாய் உண்டு பாட்டி. நிற்கிற மரத்துக்கு விண்ணப்பத்தில் கட்டமே இல்லை. வெட்டிவிட்டுப் புதிதாக நட்டால் தகுதி வந்துவிடும்! கேட்டுவிடாதீர்கள், கடுக்காய் மரத்துக்கு விண்ணப்பம் படிக்கத் தெரியாதவரை அது நிம்மதியாக நிற்கட்டும்.