மேலுதட்டு விசாரம்

சென்ற முகூர்த்தத்தன்று, என் அண்ணன் மகளின் கல்யாண வீட்டில், ஒரு மூலையில் பாயை விரித்துக்கொண்டு, தாம்பூலத்துக்கு வெற்றிலைக் காம்பு கிள்ளியபடி, யாருக்கும் எவ்வித உபத்திரவமும் செய்யாமல் உட்கார்ந்திருந்த என்னை, மணப்பெண்ணை அலங்கரிப்பதற்காக வரவழைக்கப்பட்டிருந்த பெண்ணொருத்தி தலையைச் சாய்த்துச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "டீச்சர், மேலுதட்ல லேசா இருக்கு. எடுத்துரவா? ரெண்டே நிமிசந்தேன்" என்றாள். நான் கவுஞ்சிவாசி. எங்கள் ஊரில் எதுவும் ஆறுவதற்கு அதிக நேரம் பிடிக்காது. அடுப்பிலிருந்து இறக்கிய காப்பியை வாசல் திண்ணைக்குக் கொண்டுவருவதற்குள் அது பச்சைத் தண்ணீராகிவிடும். அப்பேர்ப்பட்ட சீதோஷ்ணத்திலும் என் கோபம் இன்னும் ஆறாமல் கொதித்துக்கொண்டிருக்கிறதென்றால், அதன் தராதரத்தை வாசகர்களே நிர்ணயித்துக்கொள்ளலாம்.

அந்தப் பெண் ஐந்தாம் வகுப்பு வரை என்னிடம் படித்தவள். அவளுடைய நோட்டுப் புத்தகங்களில் நான் சிவப்பு மையால் இழுத்த அடிக்கோடுகள் அனைத்தையும் வட்டியும் முதலுமாகச் சேர்த்து ஒரே வாக்கியத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டாளோ என்று சந்தேகிக்கிறேன். நான் வேண்டாமென்றதும், "சரிங்க டீச்சர், உங்க இஷ்டந்தேன்" என்று வெகு மரியாதையாக நகர்ந்துகொண்டாள். அந்த மரியாதையைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. சுற்றியிருந்த பந்துஸ்திரீகள் அத்தனை பேரும் காம்பு கிள்ளுவதை நிறுத்திவிட்டு, இஷ்டப்பட்டு நான் பராமரித்துவரும் அந்தச் சொத்தைப் பார்வையிடத் தொடங்கினார்கள்.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே தெளிவுபடுத்திவிடுகிறேன். ரோமத்தை எடுத்துக்கொள்ளும் ஸ்திரீகளிடம் எனக்கு விரோதம் கிடையாது. எடுத்துக்கொள்ளாதவர்களிடம் விசேஷ பக்தியும் கிடையாது. இதை வாசிக்கும் சகோதரிகளின் குளியலறை அலமாரியில், ஷாம்பு பாட்டிலுக்குப் பின்னால், புருஷனுடையதல்லாத எந்தச் சவரக்கத்தி ஒளிந்திருக்கிறதென்று நான் விசாரிக்கப்போவதில்லை. குப்பைமேனி இலையையும் கஸ்தூரி மஞ்சளையும் சேர்த்தரைத்து இரவில் பூசிக்கொண்டு, காலையில் ரோமம் அப்படியே இருக்க, தலையணை உறை மட்டும் மஞ்சளாகிவிட்டிருக்க, அம்மாவிடம் ஏச்சு வாங்கிய கன்னிப்பருவம் எனக்கும் இருந்ததுதான். மேலும், பிறந்த சிசுவையே காலில் கிடத்தி, கடலைமாவை உருட்டி நெற்றியிலும் முதுகிலும் தேய்த்துத் தேய்த்து எடுக்கும் பாட்டிமாரின் வம்சத்தில் வந்தவர்கள் நாம். பெயர் வைப்பதற்கு முன்பே நமக்கு இந்தக் கைங்கரியம் ஆரம்பமாகிவிடுகிறது. ஆயினும் இந்த விவகாரத்தில் எல்லாரும் கவனிக்கத் தவறிவிட்ட நியாயம் ஒன்று இருக்கிறது. அதை எடுத்துரைப்பதற்காகவே பேனாவைத் தொட்டேன்; உரிய இடம் வந்ததும் சொல்கிறேன்.

முதலில் தேசவர்த்தமானம். கோடைக்கானலிலிருந்து பூம்பாறையையும் மன்னவனூரையும் தாண்டி வந்தால் கவுஞ்சி. எங்களையும் தாண்டினால் பூண்டி, பிறகு கிளாவரை. மார்கழியிலும் தையிலும் விடியற்காலையில் புல்வெளி முழுதும் உறைபனி வெளுத்துக் கிடக்கும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்றுப் பிரசித்தியடைந்துவிட்ட மலைப்பூண்டுக்குக் களையெடுக்கக் குனிந்திருக்கும் எங்கள் ஊர் ஸ்திரீயானவள், புடவைக்கு மேல் புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டையும், அதன்மேல் ஸ்வெட்டரும், தலையைச் சுற்றி ஒரு துண்டுமாக இருப்பாள். சூரிய பகவானுக்கே அவளுடைய முழங்கை தரிசனமானதில்லை. இப்படிப்பட்ட பிரதேசத்தில், பிளாஸ்டிக் உறை போட்ட விலைப்பட்டியல் ஒன்று கல்யாண வீட்டில் கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தது. ஐப்ரோ இவ்வளவு, அப்பர் லிப் இவ்வளவு, ஃபோர்ஹெட் இவ்வளவு, ஃபுல் ஆர்ம்ஸ் இவ்வளவு, ஹாஃப் லெக்ஸ் இவ்வளவு. அந்தப் பாதிக் காலை யார் பார்க்கப்போகிறார்கள் என்று நான் கேட்டதற்கு, "நமக்கே ஒரு திருப்திதான் டீச்சர்" என்று பதில் வந்தது. திருப்தியைப் பற்றி நான் தர்க்கம் செய்வதில்லை.

ஆனாலும் வேடிக்கை பார்க்காமலிருக்க என்னால் முடியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் சித்தி மருமகளை ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, உதட்டின்மேல் பவுடரைத் தூவி, நூல்கண்டிலிருந்து ஒரு முழம் இழுத்து, ஒரு முனையைப் பல்லிடுக்கில் கவ்விக்கொண்டு, மீதியை இரு கை விரல்களிலும் மாட்டி நடுவில் முறுக்கேற்றி, அந்த முறுக்கை முன்னும் பின்னுமாக ஓடவிட்டபோது எழுந்த 'சரக் சரக்' என்ற சப்தம், பந்தலில் நாதஸ்வரக்காரர் சுருதி சேர்த்துக்கொண்டிருந்ததையும் மீறிக் கேட்டது. "நாக்கை உள்பக்கமா முட்டிக்கங்க அக்கா, அசையாதீங்க" என்று வாயில் நூலுடன் அந்த அலங்காரப் பெண் உத்தரவிட, என் சித்தி மருமகள் நாக்கை முட்டியபடி, இரு கண்களிலும் தாரை தாரையாக நீர் வழிய, நாற்காலியின் கையை இறுகப் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு தும்மல் தும்மி, "வலிக்கவே இல்ல, மதினி. நீங்களும் உக்காருங்களேன்" என்றாள். அந்தக் கணத்தில் எனக்கு மன்னவனூர் ஆடுகளின் நினைவு வந்தது. நான் எடுத்துரைக்க வந்த நியாயமும் அங்கேதான் இருக்கிறது.

மன்னவனூர்ப் புல்வெளியில், மத்திய செம்மறியாடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டலக் கிளை 1965-ஆம் ஆண்டு முதல் நடந்துவருகிறது. நான் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறேன். அங்கே பாரத் மெரினோ என்ற ஜாதி ஆடுகளை வளர்த்து ரோமம் கத்தரிக்கிறார்கள். என் வாழ்நாளில் நான் பொறாமைப்பட்ட ஜீவராசிகள் சிலவே. அவற்றுள் பாரத் மெரினோவுக்கே முதலிடம் கொடுப்பேன். அந்த ஆட்டுக்கு ரோமம் வளர்ந்தால் சர்க்காருக்குச் சந்தோஷம். அதிகமாக வளர்ந்தால் அதிகச் சந்தோஷம். அது ரோமத்தை வளர்ப்பதற்காக மேய்ச்சல் நிலத்தைப் பராமரிக்கிறார்கள், தீவனம் கொடுக்கிறார்கள், மிருக வைத்தியர் வந்து சௌக்கியம் விசாரிக்கிறார். கத்தரித்த பிற்பாடு அதை நிறுத்து, இன்னின்ன ஆடு இவ்வளவு கிராம் ஈந்தது என்று பதிவேட்டில் குறிக்கிறார்கள். இழையின் பருமனை மைக்ரான் கணக்கில் அளக்கிறார்கள். என் சித்தி மருமகளின் மேலுதட்டிலிருந்து கிடைத்ததை யார் நிறுத்தார்கள்? யார் அளந்தார்கள்? ஈரத்துணியால் துடைத்து முற்றத்தில் உதறினார்கள். கூலியையும் அவளிடமே வாங்கிக்கொண்டார்கள். தன் ரோமத்தையும் கொடுத்துக் கத்தரிப்புக் கூலியையும் கொடுத்த ஆடு இதுவரை எந்த ஆராய்ச்சி நிலையத்திலும் இருந்ததில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடாவுக்கும் பெட்டைக்கும் அங்கே ஒரே கத்தரி, ஒரே பதிவேடு. கடாவின் ரோமம் கம்பீரமென்றும் பெட்டையின் ரோமம் அவலட்சணமென்றும் எந்த விஞ்ஞானியும் அறிக்கை சமர்ப்பித்ததில்லை. ரோமம் எடுக்கப்பட்ட பெட்டையாடு, எடுக்கப்படாத பெட்டையாட்டின் அருகில் போய், "ஏன் அக்கா இப்படியே விட்டுட்டீங்க? நானுந்தேன் பயந்தேன், ஒண்ணுமே தெரியல" என்று உபதேசம் செய்வதில்லை. ஒரு ஆடு இன்னொரு ஆட்டின் கல்யாணத்துக்குப் போன இடத்தில் வெட்கித் தலைகுனிய நேர்வதில்லை. தவிரவும், மெரினோ ஜாதிச் செம்மறியின் ரோமம் தானாக உதிர்வதில்லை. கத்தரிக்காமல் விட்டால் அதன் பாரத்தில் ஆடே சிரமப்படும். ஆகையால் ஆட்டின் விஷயத்தில் இந்தக் காரியத்துக்கு ஒரு முகாந்திரமாவது இருக்கிறது. என் மேலுதட்டின் பாரத்தால் நான் நடக்கச் சிரமப்பட்டதாக யாரும் சொல்ல முடியாது. அந்த நிலையத்தில் முயல்களும் உண்டு. முயல்களில் ஆண், பெண் இரண்டுக்குமே மீசை உண்டு என்பதையும், அதனால் அவற்றின் இல்வாழ்க்கைக்கு எவ்விதக் குந்தகமும் நேர்ந்ததில்லை என்பதையும் விஸ்தரித்து எழுதலாம். பத்திரிகாசிரியரின் முகத்தை நினைத்து நிறுத்திக்கொள்கிறேன். ஆட்டைப் பற்றி மட்டும் இன்னும் ஒரு வார்த்தை: அதைப் பார்த்து "உன் இஷ்டம்" என்று யாரும் சொல்வதில்லை. அந்த மட்டில் அது நிம்மதியான பிராணி.

சாஸ்திரம் என்ன சொல்கிறதென்று புரட்டிப் பார்த்தால், கோபம் தணிவதற்குப் பதிலாக விருத்தியாகிறது. மனு, மூன்றாம் அத்தியாயத்தில், விவாகத்துக்கு ஆகாத கன்னிகைகளைப் பட்டியலிடும்போது, ரோமமே இல்லாதவளும் கூடாது, ரோமம் அதிகமுள்ளவளும் கூடாது என்று விதித்துவிட்டு, மூச்சு விடாமல் அதே சுலோகத்தில் அதிகம் பேசுகிறவளும் கூடாது என்கிறார். ஒரே சுலோகத்தில் என்னை இரண்டு தடவை நிராகரித்த அந்த மகானுபாவர், எவ்வளவு ரோமம் உசிதமென்று ஓர் அளவைக் குறிப்பிட்டிருந்தாலாவது பின்பற்ற முயன்றிருப்பேன். சுசுருதர் இன்னும் காரியவாதி. சங்குத்தூள் இரண்டு பங்கும் அரிதாரம் ஒரு பங்கும் எடுத்துப் புளித்த காடியில் அரைத்துப் பூசினால் ரோமம் உதிரும் என்று எழுதிவைத்தார். அரிதாரமோ பாஷாண வர்க்கம். ஆனால் அவர் அதை எழுதியது புண்ணைச் சுற்றியுள்ள ரோமத்தை நீக்கி ரணத்தை ஆற்றுவதற்காக, கல்யாணப்பெண்ணுக்காக அல்ல. நம் தமிழ்ப் புலவர்களைத்தான் இவ்விஷயத்தில் மெச்ச வேண்டும். கரிகாலனைப் பாடிய பொருநராற்றுப்படையில், முடத்தாமக்கண்ணியார் விறலியின் சௌந்தரியத்தைக் கேசாதிபாதமாக வர்ணித்துக்கொண்டு வரும்போது, அவளுடைய காலில் ஒழுங்காகப் படிந்திருந்த மயிரையும் அழகுகளில் ஒன்றாகவே சேர்த்திருக்கிறார். அடுத்தபடியாக அவளுடைய பாதத்துக்கு இளைத்த நாயின் நாக்கை உவமை சொன்னவராதலால் அவருடைய ரசனையைப் பற்றி அபிப்பிராயபேதம் இருக்கலாம், எனக்கு இல்லை. ஹாஃப் லெக்ஸ் விலைப்பட்டியலைப் பார்த்த நாள் முதல் நான் அவர் கட்சி.

சீமையில் நடந்த கதைக்காவது காரணகாரியம் தெரிகிறது. அமெரிக்காவில் கையில்லாத கவுன் நாகரிகமாகி, அதுவரை மறைந்திருந்த அக்குள் சபைக்கு வந்த சமயத்தில், 1915-இல் ஜில்லெட் கம்பெனி ஸ்திரீகளுக்கென்றே ஒரு சவரக்கத்தியைச் செய்து விற்றது. துணி குறைந்தது, கத்தி வந்தது. கவுஞ்சியிலோ துணி குறையவே இல்லை; வருஷத்துக்கு வருஷம் ஒரு சுற்று கூடிக்கொண்டேதான் வருகிறது. மூக்குக்கும் வாய்க்கும் இடையேயுள்ள ஓர் அங்குலம் மாத்திரம் மப்ளருக்குத் தப்பி வெளியே நிற்க, நாகரிகமானது மலையேறி வந்து, வேறு இடம் அகப்படாமல், அங்கே கை வைக்கிறது.

அந்த ஓர் அங்குலத்தின் மகிமை லேசானதன்று. 2024 ஏப்ரலில் உத்தரப் பிரதேசத்தில், பத்தாம் வகுப்புப் பரீட்சையில் அறுநூற்றுக்கு 591 வாங்கி, மாகாணத்துக்கே முதலாவதாக வந்த ஒரு சிறுமியின் படம் வெளியானபோது, 591-ஐ விட்டுவிட்டு அவளுடைய மேலுதட்டைப் பற்றி தேசமே சம்பாஷித்தது. ஒன்றிரண்டு மார்க் குறைந்திருந்தால் தன்னை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள் என்று அந்தக் குழந்தையே பின்னால் சொன்னாள். சந்தடிசாக்கில் ஒரு சவரக்கத்திக் கம்பெனி, பிறர் ஏளனத்துக்குப் பயந்து எங்கள் கத்தியை ஒருநாளும் உபயோகிக்காதே அம்மா என்று அவளுக்கு அனுதாபம் தெரிவித்து, கீழே தன் பெயரையும் போட்டு விளம்பரம் செய்தது. முப்பது வருஷத்துக்கு மேல் பரீட்சைத்தாள் திருத்திய என் வயிறு எரிந்தது. இதற்கும் மார்க் போடும் முறை ஒன்று உண்டென்பது அப்புறம்தான் தெரிந்தது. ஃபெரிமன், கால்வே என்ற இரண்டு வைத்தியர்கள் 1961-இல் ஏற்படுத்திய திட்டம்; பிற்காலத்தில் அதைச் சுருக்கி, ஸ்திரீயின் தேகத்தில் ஒன்பது இடங்களைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு வரை மார்க் போட்டு, மொத்தம் 36-க்குக் கணக்கிடுகிறார்கள். பொதுவாக எட்டு வாங்கினால் வைத்தியம். ஹார்மோன் கோளாறைக் கண்டுபிடிக்க அது உபயோகமானதென்று ஒப்புக்கொள்கிறேன். நிஜமான நோயை யாரும் அலட்சியம் செய்யக்கூடாது. ஆனால் நிலைக்கண்ணாடி முன் நின்று எனக்கு நானே திருத்திப் பார்த்ததில், மேலுதட்டுக்கு ஒன்றுக்கு மேல் போட மனம் வரவில்லை. நான் எப்போதுமே கொஞ்சம் கறாராகத்தான் மார்க் போடுவேன்.

என் வீட்டுக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய இரு காதுமடல்களிலும் செழித்து, முன்னும் பின்னுமாகச் சுருண்டு, காற்றடித்தால் அசையும் ரோமத்தைப் பார்த்து ஊரார் சொல்வது, ஆயுசு கெட்டி என்பது. கல்யாண வீட்டில் என்னருகே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த அவரை அந்தப் பெண் ஏறிட்டும் பார்க்கவில்லை. "இவருக்கும் எடுத்துவிடேன்" என்று நான் சொன்னதற்கு, ஏதோ அபசாரம் நடந்துவிட்டாற்போல் பந்துஸ்திரீகள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், காதைத் தடவிக்கொண்டார்.

இவ்வளவுக்கும் மேலே, தேனியிலிருக்கும் என் நாத்தனாருக்கு யாரோ விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். "மதினி, லேசர் பண்ணிக்கிட்டா ஒரேயடியா தொல்லை விட்டுச்சு. மதுரையில இப்ப ஆஃபர் வேற போட்டிருக்காக" என்று போனில் ஒரு மணி நேரம் பேசினாள். லேசர் கதிரானது ரோமத்திலுள்ள கறுப்பு நிறத்தைப் பற்றித்தான் வேரைச் சுடும். நரைத்ததை அது லட்சியம் செய்யாது. எனக்கோ மேலுதட்டில் பாதிக்கு மேல் நரைத்துவிட்டது. இன்னும் சிறிது காலம் பொறுத்தால் விஞ்ஞானமே என்னைக் கைகழுவிவிடும். இதை அவளிடம் சொல்லவில்லை; சொன்னால் சாயம் பூசிக்கொண்டு போகச் சொல்வாள். அடுத்த வாரம் நேரில் வந்து விவரமாகப் பேசப்போகிறாளாம். அவளுக்குச் சொந்தத்தில் கம்பளி என்று ஒரு நூல் கிடையாது. ஒவ்வொரு தடவையும் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே பல் கிட்டிப்போய், "மதினி, அந்த ஸ்வெட்டரைக் குடுங்க" என்றுதான் படியேறுவாள். அசல் ஆட்டு ரோமத்தில் பின்னியது. என்னிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்றை நான் போட்டுக்கொண்டிருக்கிறேன். மற்றொன்றை இன்று காலையில்தான் நனைத்துக் கொடியில் போட்டேன். எங்கள் ஊர் மேகமூட்டத்தில், அவள் ஊருக்குத் திரும்புகிற வரையில் அது காயப்போவதில்லை.